ஸ்டாக் இல்லம்மா

மாடி போர்ஷனில் குடியிருந்த பெண் என்றைக்கும் எங்கள் கதவைத் தட்டியதில்லை. பாதிப் படியில் நின்றபடி 'அக்கா' என்று ஒரு குரல் கொடுப்பாள். சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கணும், மோட்டார் போடணும், எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அன்றைக்குத் தட்டினாள். 2022 அக்டோபர் 1, சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஆயுத பூஜைக்கு மூன்று நாள்தான் இருந்தது. பரணில் இருந்து இறக்கிய பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவள் ஹாலில் என் வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நேராக அடுப்படிக்கே வந்து நின்றாள். "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச மெடிக்கல் ஷாப் ஏதாவது இருக்கா?"

விருகம்பாக்கத்தில் மெடிக்கல் ஷாப்புக்கா பஞ்சம்? தெருவுக்கு ரெண்டு இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தவள் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். "நேத்து ராத்திரி... கிழிஞ்சிடுச்சுக்கா" என்றாள். எது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கர்ப்பம் தங்காமல் இருக்க உடனே முழுங்க வேண்டிய அவசர மாத்திரைக்காக (ஐ-பில் அதில் ஒரு பிராண்ட்) காலையில் இருந்து மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறாள். போனில் இரண்டு ஆப்பில் தேடியிருக்கிறாள். இரண்டுமே 'உங்கள் பின்கோடுக்கு இல்லை' என்று கைவிரித்துவிட்டன. அதே ஆப்பில் முந்தின வாரம் அவளைப் பார்க்க வரும் பையன் ஆணுறை பாக்கெட் ஆர்டர் போட்டிருக்கிறான். சிப்ஸோடும் ஐஸ்க்ரீமோடும் சேர்ந்து கால் மணி நேரத்தில் வந்து இறங்கியிருக்கிறது. இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவளுக்கு 25 வயது. தென்காசிப் பக்கம். ராமாபுரத்தில் ஐடி வேலை. அந்தப் பையன் தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு நடந்து வருவதை நான் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காத மாதிரி செடிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறேன். சென்னையில் அக்கம்பக்கத்து நாகரிகம் என்பது பெரும்பாலும் இந்தச் செடிக்குத் தண்ணீர் விடுவதுதான்.

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, "தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக் கிளம்பினேன். அன்றைய பொய்களில் அது முதலாவது.

ஆற்காடு சாலையில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம். பச்சை வேலியை ஒட்டி ஒரு முழத்துக்குத்தான் வழி, வாயெல்லாம் புழுதி. அவள் காலையில் கேட்டிருந்த கடைகளை விட்டுவிட்டுப் புதுக் கடைகளாகப் பார்த்து ஏறினோம். முதல் கடையில் ஒரு பெண் இருந்தாள். நமக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். "ஐ-பில் இருக்காம்மா?" என்றதும் அவள் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். அவர் "இல்ல" என்றார். இரண்டாவது கடையில் "அது தமிழ்நாட்டுல பேன் மேடம்." மூன்றாவதில் "கலைக்கிற மாத்திரையா? டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டோம்." இது கலைக்கிற மாத்திரை இல்லை, அது வேற, இது வேற என்று ஆரம்பித்தேன். பின்னால் இன்சுலின் வாங்க நின்றிருந்த பெரியவர் தொண்டையைக் கனைத்தார். பேச்சைப் பாதியில் விட்டு இறங்கிவிட்டேன். நான்காவது கடையில் 'இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள். ஐந்தாவதில் "பெங்களூர்ல கிடைக்கும்" என்று ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். அவனை இன்றுவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆறாவது கடையை நெருங்கும்போது அவள் தயங்கினாள். "இங்க காலையில கேட்டுட்டேன்க்கா." பரவாயில்லை, நான் கேட்கிறேன் என்று படியேறினேன். கல்லாவில் அறுபதை ஒட்டிய மனிதர். நெற்றியில் விபூதி, பக்கத்தில் ஆயுத பூஜைக்கு முன்கூட்டியே வாங்கி வைத்த பூசணிக்காய். நான் கேட்டதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார். அன்றைக்கு நான் போட்டிருந்தது காலர் வைத்த குர்த்தி. தாலிச் செயின் உள்ளே இருந்தது. யோசிப்பதற்கு முன்னாலேயே என் கை போய் அதை வெளியே எடுத்துப் போட்டது. "எனக்குத்தாங்க. கல்யாணம் ஆகி ரெண்டு பசங்க இருக்காங்க."

அவர் முகம் மாறிவிட்டது. குரல் மாறிவிட்டது. "ஸ்டாக் இல்லம்மா. நெசமாவே இல்ல, இருந்தா உங்களுக்குக் குடுக்க மாட்டேனா" என்றார். அப்புறம் கொஞ்சம் குனிந்து, வீட்டுப் பெரியவர் மாதிரி, "நீங்க ஏம்மா பயப்படறீங்க? கல்யாணம் ஆனவங்கதானே. வந்துட்டா வந்துட்டுப் போகுது" என்றார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் இருவருமே பேசவில்லை. பிறகு அவள்தான் கேட்டாள். "அக்கா, காலையில எங்கிட்ட 'இதெல்லாம் இங்க கிடைக்காது'ன்னு சொன்னாரு. உங்ககிட்ட 'ஸ்டாக் இல்லம்மா'ங்கறாரு. ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

தடை இல்லாத தடை

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆனதற்குக் காரணம் அந்தத் தாலிதான். மாத்திரை கிடைக்காத கதையை எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், செய்தித்தாளில் வந்துவிட்டது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டும் பார்த்துவிட்டார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, தமிழ்நாட்டில் இந்த மாத்திரைக்குத் தடை எதுவும் கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. கிடையாதுதான். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்கிற ஒற்றை மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடியது என்று நாடு முழுவதற்கும் பொருந்துகிற விதி இருக்கிறது. அதை முறித்து நம் மாநிலத்துக்குத் தனியாக ஓர் அரசாணையும் வந்ததில்லை. ஆனால் சென்னையில் பத்துக் கடை ஏறினால் பத்திலும் இல்லை. தடை இருந்தாலாவது கோர்ட்டுக்குப் போகலாம். இல்லாத தடையை எங்கே போய் நீக்குவது?

இதில் என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2007 வாக்கில் டிவியில் இந்த மாத்திரைக்கு விளம்பரம் வரத் தொடங்கியபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மதியச் சாப்பாட்டு மேஜையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. 'இதெல்லாம் வந்தா பொண்ணுங்க கெட்டுப்போயிடும்' என்று ஒரு சீனியர் மேடம் சொன்னார்கள். நானும் 'ஆமாம் மேடம்' என்றேன். பிறகு கடைகளில் இருந்து அது காணாமல் போனபோது தடை செய்துவிட்டார்கள் போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்தேன். யாரும் கேட்காததால் நான் சொல்லவும் இல்லை. நினைத்தேன், அவ்வளவுதான். இப்படி லட்சம் பேர் நினைத்தால் போதும், அரசாணை எதற்கு?

அந்தச் சனிக்கிழமைக்கு ரொம்ப நாள் கழித்து, எனக்குப் பழக்கமான ஒரு மருந்துக் கடைக்காரத் தம்பியிடம் இதைக் கேட்டேன். அப்பாவுக்கு பிபி மாத்திரை வாங்கி வாங்கி அவனோடு பத்து வருஷப் பழக்கம். அவன் ஒளிக்கவில்லை. "அக்கா, ஒரு மாத்திரை வித்தா எனக்கு என்ன நிக்கும்? பத்து இருபது ரூபா. அதுக்கு டிரக் இன்ஸ்பெக்டர் வந்து யாருக்கு வித்தே, பில் எங்கேன்னு நின்னா யாரு பதில் சொல்றது? அவருக்கே இது கலைக்கிற கிட் இல்லன்னு தெரியுமோ தெரியாதோ. நாளைக்கு ஒரு பொண்ணோட அப்பா வந்து கடை முன்னாடி சத்தம் போட்டா ஏரியாவுல என் பேரு என்னாகும்? நாங்க கேக்கறதில்ல, அதனால டிஸ்ட்ரிபியூட்டர் எடுக்கறதில்ல. டிஸ்ட்ரிபியூட்டர் எடுக்காததால நாங்க கேக்கறதில்ல." நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுலயும் ஒரு தங்கச்சி இருக்குக்கா" என்றான். அவன் அதை மாத்திரைக்கு எதிரான காரணமாகச் சொன்னான். எனக்கு அது ஆதரவான காரணமாகக் கேட்டது. ஒரே வாக்கியம்தான்.

குழப்பத்தின் வேர் அந்தக் 'கலைக்கிற' என்ற சொல்லில் இருக்கிறது. கருவைக் கலைப்பது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்து சேர்ந்த வேறொரு சிகிச்சை. அதை டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. இந்த ஒற்றை மாத்திரையின் வேலை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது. ஆணின் உயிரணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள்கூட உயிரோடு இருக்கும். அது காத்திருக்கும் நேரத்தில் முட்டை வராமல் பார்த்துக்கொண்டால் கரு உருவாகாது. கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் இந்த மாத்திரையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் 72 மணி நேரம் என்று கணக்கு. அதுவும் 72-ஆவது மணி நேரம் வரை சாவகாசமாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வயிற்றைப் புரட்டலாம், அந்த மாதம் தேதி முன்னே பின்னே போகலாம். தினமும் முழுங்கும் சமாச்சாரமில்லை. நேரம் போகப் போக வேலை செய்யும் வாய்ப்பு குறையும் மருந்தை, தேடித் தேடியே நேரம் போகிற ஊரில் வைத்திருக்கிறோம்.

வயது: 24, வயது: 33

என் பிழைப்பு மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் பார்ப்பது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கவிதை படிப்பவர்களுக்கு வரிகள் மனப்பாடமாவது போல எனக்குச் சில வரிகள் மனப்பாடம். மகப்பேறு ஃபைலைத் திறந்தால், நான் சேர்ந்த காலத்தில், வயது 23, 24 என்று இருக்கும். இரண்டாவது பிரசவம் என்றால் சிசேரியன், கூடவே 'ஸ்டெரிலைசேஷன் செய்யப்பட்டது' என்று ஒரு வரி. வயிற்றைத் திறந்தது திறந்தாயிற்று, அப்படியே குழாயையும் கட்டியாயிற்று. இப்போது அதே கட்டத்தில் வயது 31, 33 என்று வருகிறது, அதுவும் முதல் பிரசவத்துக்கு. என் மேஜைக்கு வருவது ஊரின் ஒரு மூலைதான், காப்பீடு வாங்க முடிந்தவர்களின் மூலை. இருந்தாலும் எண்கள் நகர்வதைக் கண்ணால் பார்த்தேன்.

மாநிலக் கணக்கும் அதையேதான் வேறு பாஷையில் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவம் நூற்றுக்கு நூறு என்றே சொல்லலாம், 99.6 சதவீதம், சிசேரியன் 45 சதவீதத்தைத் தொடுகிறது. அதே ஆய்வில் இன்னொரு கட்டம் உண்டு, அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. கல்யாணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பங்கு 57.8 சதவீதம். ஆண்கள் 0.1. ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி, மூன்று மாத ஊசி எல்லாம் சேர்த்தும் ஏழெட்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னோடி மாநிலம் என்று நாம் மார்தட்டுவதெல்லாம், பிட்டுப் பார்த்தால், பெண்களின் வயிற்றில் போட்ட தையல்தான்.

அந்த ஏற்பாடு ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்காகச் செய்தது. இருபதில் கல்யாணம், இருபத்தொன்றில் ஒன்று, இருபத்து நாலில் இன்னொன்று, அதோடு ஆபரேஷன். கல்யாணத்துக்கும் கத்திக்கும் நடுவே நாலைந்து வருஷம்தான். அந்த இடைவெளியில் கர்ப்பம் வந்தாலும், அந்தக் கடைக்காரர் சொன்ன மாதிரி, வந்துட்டா வந்துட்டுப் போகும். என் அம்மா அந்தப் பெண். நானும் ஏறக்குறைய அந்தப் பெண்தான். ஆனால் மாடி வீட்டுக்காரி அந்தப் பெண் இல்லை. பதினெட்டில் ஹாஸ்டல், இருபத்தொன்றில் வேலை, கல்யாணம் 28-லோ 30-லோ, இல்லாமலே கூடப் போகலாம். அவளுக்கு நடுவில் பத்து வருஷம் இருக்கிறது. அந்தப் பத்து வருஷத்துக்கு இந்த ஊரில் எந்த ஏற்பாடும் இல்லை. அரசாங்கத்திலும் இந்த அவசர மாத்திரை இலவசமாக உண்டு, ஈஸி பில் என்று பெயர். ஆனால் கிராமமானாலும் நகரமானாலும் செவிலியர் கையில் இருக்கும் பதிவேட்டின் பெயர் என்ன தெரியுமா? தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. தம்பதி ஆனால்தான் தகுதி. 25 வயதில் தனியாகப் போய் நிற்கும் பெண்ணை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

அந்த வாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பர் 29, வியாழக்கிழமை, அதாவது அவள் கதவைத் தட்டுவதற்கு இரண்டே நாள் முன்பு, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்திருந்தது. குறிப்பிட்ட சில பிரிவினர் 24 வாரம் வரை கருவைக் கலைத்துக்கொள்ளலாம் என்ற விதியில் கல்யாணமாகாத பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், மணமானவள் ஆகாதவள் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்றது. அதற்கு முந்தின வருஷம்தான் சட்டத்திலேயே 'கணவன்' என்று இருந்த இடத்தில் 'இணை' என்று மாற்றியிருந்தார்கள். ஆபீசில் அதைப் பற்றி ஒரு பெரிய விவாதமே நடந்தது. நானும் பெருமையாகப் பேசினேன். கர்ப்பம் ஆகிவிட்டால் ஐந்தரை மாதம் வரை அவளுக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமே துணை. கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள நினைத்தால் விருகம்பாக்கத்தில் ஒரு கடைக்காரர் துணையில்லை.

யாரைக் கேட்டார்கள்

தாலியை வெளியே எடுத்தது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று எனக்கு உடனே புரியவில்லை. பொய் சொன்னதற்காக இல்லை. நல்ல காரியத்துக்குப் பொய் சொல்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது. அது இரட்டைப் பொய் என்பதுதான் விஷயம். எனக்கு அந்த மாத்திரை தேவையே இல்லை. 2008-இல், என் 27-ஆவது வயதில், எனக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. என் வாழ்க்கையில் ஒருநாளும் எனக்குத் தேவைப்படப் போகாத மாத்திரையைக் கேட்க எனக்கு உரிமை இருந்தது. அவசரமாகத் தேவைப்பட்டவளுக்கு இல்லை. அந்த உரிமைக்கான அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறேன் என்பது எனக்கே அந்த நொடியில்தான் தெரிந்தது. கை தானாகப் போய் எடுத்தது என்பதுதான் பயங்கரம். அதாவது எனக்குள் எங்கேயோ முன்பே தெரிந்திருக்கிறது.

அந்த ஆபரேஷன் கதையும் அன்றைக்கு ராத்திரிதான் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாவது பிரசவம், ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தியேட்டருக்குள் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருக்கிறேன். வெளியே போய்விட்டு வந்த நர்ஸ், "மாமியாரும் சாரும் சரின்னுட்டாங்க மேடம், கட்டிடலாம்" என்று என் முகத்துக்கு நேரே ஒப்புதல் ஃபாரத்தை நீட்டினார்கள். படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை, ஏதோ கோழி கிளறின மாதிரி இருந்தது. எனக்கும் சம்மதம்தான், மூன்றாவது வேண்டாம் என்றுதான் நானும் இருந்தேன். அதனால் இதை ஒரு கொடுமை என்று சொல்ல மாட்டேன். வரிசை மட்டும்தான் இடறுகிறது. முதலில் அவர்கள், அப்புறம் நான். அரசாங்க விதிப்படி கருத்தடை ஆபரேஷனுக்குக் கணவன் கையெழுத்துத் தேவையே இல்லை என்பது, இந்த வேலையில் இருந்தும், எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரரைச் செய்துகொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 'ஆம்பளைக்குப் பண்ணினா பாரம் தூக்க முடியாது' என்று அம்மா சொல்லும் ஒற்றை வாக்கியத்தோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்துவிடும். இத்தனைக்கும் என் தாத்தா அறுபதுகளில் மெட்ராஸில் வாசக்டமி செய்துகொண்டவர்! அரசாங்கத்தில் கையில் காசும் கொடுத்தார்களாம். செய்துகொண்ட மறுவாரமே நெல் மூட்டை தூக்கினேன் என்று கடைசிக் காலம் வரை சொல்லுவார். ஒருகாலத்தில் ஆண்களுக்கு அதைச் செய்வதில் இந்த மாநிலம்தான் நாட்டுக்கே வழிகாட்டியது. எப்படி அது 0.1-க்கு வந்தது என்பது தனிக் கட்டுரை. நெருக்கடி நிலைக் காலத்துப் பயம் ஒன்று, பிரசவத்துக்கு எல்லாப் பெண்களும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டதால் அங்கேயே 'முடித்துவிடுவது' சுலபமாகிப் போனது இன்னொன்று என்று நினைக்கிறேன்.

பெரியார் 1930களிலேயே இதைப் போட்டு உடைத்துவிட்டார். கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வது பெண்ணின் உடல்நலத்துக்காக, குடும்பத்தின் வறுமைக்காக, தேசத்தின் ஜனத்தொகைக்காக. நாங்கள் சொல்வது பெண்ணின் விடுதலைக்காக என்றார். அந்த 'மற்றவர்கள்' சொன்ன காரணங்கள் எல்லாம் இங்கே ஜெயித்துவிட்டன, 1.4 வரைக்கும் ஜெயித்துவிட்டன. அவர் சொன்ன காரணத்துக்கு மட்டும் ஸ்டாக் இல்லை.

1986-இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றைச் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள், சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அதற்குப் பிறகு இந்த ஊர் வெட்கத்தைப் பார்க்கவில்லை. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரமாக மவுண்ட் ரோட்டில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்தோம். குழந்தைகள் பஸ் ஜன்னலில் இருந்து சத்தமாகப் படித்தார்கள், ஒருவரும் கெட்டுப்போகவில்லை. பேச வேண்டிய நேரத்தில் பேசத் தெரிந்த ஊர்தான் இது. ஆனால் புள்ளிராஜா ஆண். புள்ளிராணி ஒருத்தி இருந்தால், அவளும் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு கடை ஏறி இறங்கியிருப்பாள்.

லால்பாக் எக்ஸ்பிரஸ்

கடைசியில் அந்த ஐந்தாவது கடைப் பையன் சொன்ன வழிதான். அவளோடு காலேஜில் படித்தவள் பெங்களூரில் வேலை பார்த்தாள். ஆயுத பூஜை லீவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை லால்பாக்கில் டிக்கெட் போட்டிருந்தாள். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அவளுக்குப் போன். "எத்தனை வேணும்?" என்றுதான் கேட்டாளாம். வேறு கேள்வி இல்லை. பிஜிக்குக் கீழே இருக்கும் கடையிலேயே வாங்கிவிட்டு பத்து நிமிஷத்தில் போட்டோ அனுப்பினாள். அன்வான்டட்-72, அதே மாத்திரையின் இன்னொரு பிராண்ட், வெள்ளை டைல்ஸ் தரையில் வைத்து எடுத்த படம். அந்தப் படத்தை என் போனுக்கு ஏன் அனுப்பினாள் என்று தெரியாது, இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த ராத்திரியிலேயே டாக்டரைப் பார்க்கலாமே என்று நானும் சொன்னேன். நல்ல டாக்டராக அமைந்தால் சாதாரணக் கருத்தடை மாத்திரையிலேயே கணக்குப் போட்டுத் தருவார்கள், காப்பர்-டி போட்டாலும் ஐந்து நாளுக்குள் வேலை செய்யும். அவள் ஒரே வரியில் மறுத்துவிட்டாள். "அவங்களும் முதல்ல 'மேரீடா?'ன்னுதான்க்கா கேப்பாங்க." மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை, ஆபீஸ் ஃபாரத்திலேயே பெயர், வயதுக்கு அடுத்த கட்டம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்ட்ரல். லீவுக் கூட்டம், எங்கே பார்த்தாலும் டிராலி பேக். பன்னிரண்டேகாலுக்கு மேல் வண்டி வந்தது. அந்தத் தோழி இறங்கினாள், இவளைக் கட்டிக்கொண்டாள், பர்ஸில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். இவள் அங்கேயே, தண்ணீர்க் கடையின் தூண் ஓரமாக நின்று முழுங்கினாள். வெள்ளிக்கிழமை ராத்திரியில் இருந்து 37 மணி நேரம். ஒரு மாத்திரை 350 கிலோமீட்டர் பிரயாணம் செய்து வந்திருந்தது. மூன்று பேரும் சரவண பவனுக்குப் போய் சாம்பார் இட்லி சாப்பிட்டோம். அவளுக்குக் கொஞ்சம் குமட்டியது. மாத்திரையாலா பயத்தாலா தெரியவில்லை. பில்லை நான்தான் கொடுத்தேன்.

பதினோரு நாள் கழித்து ஆபீசில் இருக்கும்போது வாட்ஸப்பில் வந்தது, 'வந்துடுச்சுக்கா.' கூடவே ஒரு சிவப்பு பலூன் பொம்மை. அப்போது நான் ஒரு சிசேரியன் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது 32.

அவள் 2023 கடைசியில் வேறு வீடு மாறிப் போய்விட்டாள். அந்தப் பையன் என்ன ஆனான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் தெருவில் இப்போது இரண்டு லேடீஸ் பிஜி வந்துவிட்டது. போன வருஷம் என் தம்பி பெங்களூரில் வீடு மாற்றியபோது உதவிக்குப் போயிருந்தேன். வரும்போது நான்கு வாங்கி வந்தேன். அங்கே கடைக்காரப் பையன் கழுத்தைப் பார்க்கவில்லை, ஜிபே சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்தான். அடுப்படியில் வெந்தய டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், என் வீட்டுக்காரர் கை போகாத இடம். ஒன்று பக்கத்து பிஜி பெண்ணுக்குப் போனது. இன்னொன்றை, எப்படித் தெரிந்ததோ, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா தன் மகளுக்கென்று கேட்டு வாங்கிப் போனார்கள். கல்யாணமான மகள், கைக்குழந்தைக்காரி.

மீதி இரண்டு இருக்கிறது. போன வாரம் டப்பாக்களைத் துடைக்கும்போது எடுத்துப் பார்த்தேன், எக்ஸ்பைரி கிட்டத்தில் வந்துவிட்டது. தம்பி வீட்டுக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.